‘போய்ட்டு வாரேன்’ என்ற கோப்பு

மே 6

ஆபீஸுக்கு அனுப்பும் வேலைக் குறிப்பில் கெட்ட வார்த்தை எழுத முடியாது. அதனால் இது தனி.

சங்கரன்கோவிலைத் தாண்டி, ரோடு பிரிகிற ஒரு விலக்கில் இறங்கி, வெயிலில் உள்ளே நடந்தால் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. கோடை விடுமுறை, பிள்ளைகள் இல்லை. இருப்பது கம்ப்யூட்டர் வாத்தியார் ஞானதிரவியம் சார் (அவருக்கும் பார்வை கிடையாது), சமையல் முப்புடாதி அக்கா, யாரும் பெயர் வைக்காத ஒரு நாய்.

மதுரையில் நான் வேலை பார்க்கும் அறக்கட்டளை இந்தப் பள்ளிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் கொடுத்திருக்கிறது. அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுவதற்கு நான் ஒரு டிவிடி தயாரிக்க வேண்டும். கடையில் கிடைக்கிற மாதிரி இல்லை. தட்டை உள்ளே தள்ளியதிலிருந்து அது தமிழில் பேச வேண்டும். திரையைப் பார்க்காமல், கேட்டுக்கொண்டே பிள்ளைகள் தாங்களாக ஏற்றிக்கொள்ள வேண்டும். பென்டிரைவில் தருகிறேன் என்றேன். "தொலஞ்சு போகும்வே. தட்டுன்னா மேல பிரெய்ல் ஒட்டலாம், கையில பிடிச்சாத் தெரியும்" என்றார் சார்.

இவர்களிடம் ஒரு பழைய தட்டு உண்டு. கீறல் விழுந்து பாதியில் நிற்கிறது. அதில் பேசுவது இயந்திரக் குரல் இல்லை. எஸ்தர் டீச்சரின் குரல். சாரின் மனைவி. ஒலித் துண்டுகளாகவும் முழு வாக்கியங்களாகவும் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். திரையில் என்ன வருகிறதோ அதைத் துண்டுகளைக் கோத்து புரோகிராம் படிக்கும். டீச்சர் போன நவம்பரில் இறந்துவிட்டார். அந்தப் பதிவுகள் இருப்பது ஒரே ஒரு பழைய மெஷினில், சாகக் கிடக்கிற ஹார்ட் டிஸ்க்கில்.

என் மேனேஜர் ஹெப்சிபா மேடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "அந்தக் குரல் ஒழுங்கா ஏறலைன்னா மல்லுக்கட்டாத, சேர்மதுரை. ரெடிமேட் குரலைப் போட்டுக் குடுத்துட்டு வந்துரு." எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சாரிடம் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாரினார்.

மே 7

லேபுக்குள் போனதும் முதல் சண்டை.

"யாரு?"

"நான்தான் சார்."

"ஊர்ல எல்லாவனும் நான்தான்னுதான் சொல்லுதான். பேரச் சொல்லும்வே."

இங்கே இது சட்டம். அறைக்குள் வருகிறவர் பேரைச் சொல்லி ‘வந்திருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். வெளியே போகும்போது ‘போய்ட்டு வாரேன்’ என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யார் இருக்கிறார், யார் இல்லை என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? போகிறேன் என்று சொல்லாதவர் அறைக்குள் இருப்பதாகத்தான் அர்த்தம். அவரிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள். சொல்லாமல் நழுவுகிற பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறி கிடையாதாம்.

"இங்க நீங்களும் நானும் மட்டும்தான சார். வேற யாரு இருக்கா?"

"அது ஒமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கடி ஜோக் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

லேப் ஒரே இருட்டு. பார்வையற்றவர்களுக்கு லைட் எதற்கு என்று எவனோ மிச்சம் பிடித்திருக்கிறான். மானிட்டர் வெளிச்சத்தில் வேலை பார்க்கிறேன். நுழையும்போதே முழங்காலில் பெஞ்ச் இடித்தது. இவர் மட்டும் எப்படி இடிக்காமல் நடக்கிறாரோ.

பழைய ஹார்ட் டிஸ்க் பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. குரல் ஃபோல்டரை நகலெடுக்கப் பகல் முழுதும் ஆயிற்று. கடைசிக் கோப்பு வந்து சேர்ந்ததும் டிஸ்க் டக்கென்று நின்றது. திரும்பப் போட்டேன், சுற்றவில்லை. ஆக, டீச்சரின் குரல் இப்போது என் லேப்டாப்பில் இருக்கிறது. இன்னொரு நகலை பென்டிரைவில் போட்டு சாரின் கையில் கொடுத்தேன். வாங்கி, எடை பார்ப்பது போல் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

மே 8

முதல் தட்டு, கறுப்புத் திரை. இரண்டாவது தட்டு, கறுப்புத் திரை. இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது முப்புடாதி அக்காவின் புளிக்குழம்பு மட்டும்தான்.

மே 9

புது மெஷின்கள் விழித்ததும் தட்டில் வேறு இடத்தில், வேறு பெயரில் ஒரு கோப்பைத் தேடுகின்றன. பழைய முறையில் கட்டிய தட்டு இவற்றுக்கு வெறும் பிளாஸ்டிக். இரண்டு முறையையும் சேர்த்துக் கட்டினேன். எழுந்தது. ஆனால் ஊமை.

"என்னவே நடக்கு உள்ள?"

"பேசுது சார். எங்கயோ பேசுது. நமக்குக் கேக்கல."

கண்டுபிடித்தேன். சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் மானிட்டர் கேபிள் வழியாகப் போகிறது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. காலையிலிருந்து ஒரு பொம்பளை, வாய் இல்லாத பெட்டிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரே ஒரு வரி மாற்றம். மறுபடி கட்டு, மறுபடி தட்டில் எழுது, மறுபடி போடு.

வந்தது.

"நான் எஸ்தர் வந்திருக்கேன். மொழியைத் தேர்ந்தெடுங்க."

சட்டப்படி பேரைச் சொல்லித்தான் நுழைகிறது. நல்ல குரல். கொஞ்சம் கரகரப்பு. அடுத்த வீட்டு ஆளிடம் சுவருக்கு மேல் பேசுகிற மாதிரி.

சார் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டார். பிறகு, "வா" என்றார். கடைக்குப் போய்விட்டு வந்தவளிடம் சொல்வது போலச் சாதாரணமாக.

மே 10

தட்டில் எழுதியது பிழையில்லாமல் விழுந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புச் சரம் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கும். கட்டும்போது வந்ததும் தட்டிலிருந்து வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. மறுபடி எழுதினேன், இல்லை. டிரைவை மாற்றினேன், தட்டுக் கம்பெனியை மாற்றினேன், இல்லை. ஒரு மத்தியானம் போச்சு. கடைசியில் கண்ணால் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டையும் ஒப்பிட கம்ப்யூட்டரிடமே கட்டளை கொடுத்தேன். ஒன்றுதான். முதல் தட்டிலிருந்தே ஒன்றுதான். 8-ஐ 3 என்று படித்திருக்கிறேன்.

இந்த லேப்டாப் திரை மட்டம். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன்.

அம்மா போன் பண்ணினாள். கண் ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுத்த தேதிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள். வேலை என்றேன். பைக்கை ஏன் தம்பிக்குக் கொடுத்தாய் என்றாள். பெட்ரோல் விலை என்றேன். "ஒங்க மாமாவும் இப்படித்தாம்ல எதையாவது சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்" என்று ஆரம்பித்தாள். வைத்துவிட்டேன்.

மே 12

முழுசாக ஏறியது! டீச்சர் குரல் கடைசித் திரை வரைக்கும் தடுமாறாமல் வந்தது. சந்தோஷமாக ஷட் டவுன் கொடுத்தேன். அணையவில்லை. விசிறி ஓடுகிறது, திரை இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து மெஷினிலும் அப்படியே.

"அது அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கும்" என்றார் சார்.

"என்னது?"

"இங்க எல்லாரும் பிளக்கைப் பிடுங்கித்தான் அணைப்போம். பழைய தட்டு போட்ட நாள்ல இருந்து."

தலையில் அடித்துக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை வருஷக்கணக்கில் பிளக்கைப் பிடுங்கி அணைத்திருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் ஏன் சாகாது?

தோண்டினேன். அணைவதற்கு முன்னால் மெஷின் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று இவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அணையும். வாக்கியம் ‘போய்ட்டு வாரேன்’. அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அளவு பூஜ்யம். மெஷின் சொல்ல வாய் திறந்து, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல், சொல்லி முடிக்கக் காத்துக்கொண்டே நிற்கிறது.

"இதை ஏன் சார் பதியல?"

"எல்லாத்தையும் பதிஞ்சுட்டு இதைக் கடைசியாப் பதிவோம்னா. கடைசின்னு ஒரு நாள் வரல. எப்பவும் ஏதாவது ஒரு வார்த்தை சேக்க வேண்டியிருந்துச்சு."

மே 13

வடை கொடுத்துவிட்டு முப்புடாதி அக்கா போனதும் சாராகவே சொன்னார்.

"அவ அந்த இடது பக்க நாற்காலி, நான் இது. அன்னைக்குக் காய்ச்சல். மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துட்டா. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ஒரு புரோகிராமோட மல்லுக்கட்டுதேன். மயங்கிட்டா போல. முப்புடாதி பாத்துட்டு, ஆட்டோக்காரனைக் கூட்டியாந்து தூக்கிட்டுப் போயிட்டா. பதட்டம். எங்கிட்டச் சொல்லணும்னு எவனுக்குத் தோணும்? நான் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு அவகிட்டப் பேச ஆரம்பிச்சேன். அவ எழுதுன வரி தப்புன்னு ஏச்சு வேற."

"ரொம்ப நேரமா?"

"நல்லா ஏசினேன். பதில் வரல. கோவமாக்கும்னு விட்டுட்டேன். அவ கோவிச்சா அப்படித்தான், உம்முன்னு இருப்பா." சிரித்தார். "நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவளுக்குப் பேச்சு நின்னு போச்சு. இங்க இருந்து போறேன்னு சொல்லல. அங்க இருந்தும் சொல்லல. அப்போ சட்டப்படி அவ எங்கவே இருக்கா?"

வடை எண்ணெயாக இருந்தது. கை துடைக்க வெளியே போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை. திரும்பி வந்தபோது சார் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மே 14

வேலை என்றால் வேலை. டீச்சரின் துண்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ‘போய்’ இருக்கிறது, ‘ட்டு’ இருக்கிறது, ‘வாரேன்’ இருக்கிறது. கோத்து, ஒட்டுத் தெரியாமல் இழைத்து, காலிக் கோப்பில் போட்டேன். பத்து நிமிஷ வேலை. அசலா ஒட்டா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஷட் டவுன்.

"போய்ட்டு வாரேன்."

மெஷின் அழகாக அணைந்தது.

சார் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இரண்டு கையையும் நீட்டி, இடது பக்கம், காற்றில் துழாவினார். "எஸ்தர்? ஏளா, இரு. இரு."

நான் அசையவில்லை. அப்புறம் அது நான் ஒட்டியது என்று அவருக்கே தெரிந்தது. மேஜையைத் தடவி, அந்தத் தட்டை எடுத்து, முழங்காலில் வைத்து உடைத்தார்.

"அவ சொல்லாததை நீ எப்படில சொல்ல வைப்ப?"

"சார், இது இல்லைன்னா மெஷின் அணையாது. அணையலைன்னா மேடம் இந்தத் தட்டை வாங்கமாட்டாங்க. ரெடிமேட் குரல்தான் வரும். அதுல ‘வந்திருக்கேன்’ கூட இருக்காது, பாத்துக்கிடுங்க."

"அப்போ அந்த வாக்கியத்தையே எடுத்துரு."

"எடுத்துட்டா சத்தமில்லாம அணையும்."

"சொல்லாமப் போறதா? இந்த லேப்லயா?" என்றார். "பிள்ளைகளுக்கு என்னன்னு சொல்லுவேன்?"

அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். இந்த ஆளோடு குப்பை கொட்ட முடியாது.

மே 15

மேடம் போன். வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வருகிறாராம். தட்டு ஏற வேண்டும், பேச வேண்டும், அணைய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ரெடிமேட் குரல்.

சார் சாப்பிட வரவில்லை. "தலையை எப்படி வாரியிருக்கேன்னு தினமும் எங்கிட்டக் கேப்பாரு. இன்னைக்குக் கேக்கல தம்பி. அவர என்ன செஞ்ச?" என்றாள் அக்கா. எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்றே தெரியவில்லை. இங்கே எல்லோரும் திடீர் திடீரென்று முளைக்கிறார்கள்.

மே 17

ஒரு வழி தோன்றியது. கோப்பு காலியாகவே இருக்கட்டும். மெஷின் சொல்லி முடிக்கக் காத்திருக்கிற நேரத்துக்கு மட்டும் ஒரு எல்லை வைத்தேன். கொஞ்ச நேரம் பார்க்கும், ஒன்றும் வராவிட்டால் அணைந்துவிடும். வாக்கியத்தை எடுக்கவும் இல்லை, பொய்யாகச் சேர்க்கவும் இல்லை.

சோதித்தேன். ஷட் டவுன் கொடுத்ததும் ஒரு மூச்சு.

பேசப்போகிறவர் வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுப்பாரே, அந்த மூச்சு. அதோடு சரி. மெஷின் அணைந்தது.

கோப்பைப் பார்த்தேன். அளவு பூஜ்யம். ஸ்பீக்கர் இரைச்சல் என்று வேறு ஸ்பீக்கர் மாற்றினேன். மூச்சு. வேறு மெஷின். மூச்சு. ஸ்பீக்கரையே பிடுங்கிவிட்டு அணைத்தேன். அப்போதும் கேட்டது. இடது பக்கத்திலிருந்து. போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

விசிறிதான். வேறென்ன.

இடது பக்க நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டேன். யாரோ அதில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது. திரும்பினால் இல்லை.

மே 18

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பொழுது சாய்கிற நேரம். கடைசியாகத் திருத்திய தட்டை மூன்றாவது மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சார் சர்ச்சுக்குப் போயிருந்தார். டீச்சர் குரல்: "டிஸ்க்கைப் பிரிக்கலாமா? ஆமான்னா என்டர் அழுத்துங்க." என்டரைத் தடவிப் பிடித்து அழுத்தினேன். அடுத்ததாக ‘பிரிக்கிறேன், காத்திருங்க’ வர வேண்டும்.

"லைட்டப் போட்டுக்கிடுங்க" என்றது.

நிறுத்தினேன். மெஷின் இதுவரை எதையெல்லாம் பேசியது என்று ஒரு பதிவு வைத்திருக்கும். அதைத் திறந்தேன். கடைசியாகப் பேசியது டிஸ்க் கேள்வி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தட்டில் உள்ள எல்லா வாக்கியங்களிலும் தேடினேன். ‘லைட்’ என்ற சொல்லே எங்கும் கிடையாது. கம்ப்யூட்டர் ஏற்றுகிறவனுக்கு லைட்டைப் பற்றி எதற்குச் சொல்லப் போகிறார்கள்?

எரிச்சலில் சத்தமாகவே சொன்னேன். "இந்த எழவெடுத்த ரூம்ல லைட்டே கெடையாதே!"

"யாருட்டப் பேசுத தம்பி?" முப்புடாதி அக்கா. வாசலில் இருந்தாள் போல.

"இல்லக்கா. இருட்டுல எப்படி வேலை பாக்குறதுன்னு சொன்னேன்."

"எந்த இருட்டு? ரெண்டு டியூப்லைட்டும் எரியுதே."

மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீ வந்த அன்னைக்கே போட்டுவிட்டேனே. பொழுது அடையும்போது தினமும் நான்தான் போட்டுட்டுப் போறேன். பார்வை உள்ள ஆளு யாரு வந்தாலும் எஸ்தர் டீச்சர் மொதல்ல அதத்தான் சொல்லுவா, லைட்டப் போட்டுக்கிடுங்கன்னு. அந்தப் பழக்கத்துல போட்டுவிடுதேன்."

நான் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

தலையை நிமிர்த்தி நேராக மேலே பார்த்தேன். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அது மட்டும். அதைச் சுற்றி ஒன்றும் இல்லை, குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி.

"வோல்டேஜ் கம்மி" என்றேன்.

"அப்படியா" என்றாள் அக்கா.

மே 19

தலைவலி. வேலை பார்க்கவில்லை.

மே 20

"ஏல, அந்தக் கதவு ஒனக்கு என்ன பாவம் செஞ்சுது?" என்றார் சார்.

"பாதி தெறந்து வெச்சா யாருக்கும்தான் இடிக்கும்."

"முழுசாத் தெறந்து, கல்லைத் தூக்கி அண்டை குடுத்திருக்கேன். நீ வந்த ரெண்டாம் நாள்ல இருந்து. அப்பவும் இடிக்க." கதவைத் தடவிக்கொண்டு, "எப்ப இருந்துல?" என்றார்.

"எது?"

"சரி, எதுவும் இல்லை. விடு."

"கண்ணு தெரியாதவங்க மத்தவங்க எல்லாருக்கும் கண்ணு தெரியலைன்னு நெனச்சா நான் என்ன செய்ய சார்?"

சொல்லியிருக்கக் கூடாது. அவருக்குக் கோபம் வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாத்தாம்ல ஏசுத. எஸ்தர் கிட்ட படிச்சியா?"

மத்தியானம், பயன்படுத்துகிறவர் நிலையிலிருந்து பார்ப்பது சோதனை முறையில் ஒரு பகுதி என்பதால், கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை ஏற்றினேன். குரலைக் கேட்டு, விசையைத் தடவி. இவ்வளவு நாள் நான் கவனிக்காத தப்புகள் கிடைத்தன. பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் குரல் முந்திக்கொள்கிறது. பின்னால் போகிற வழியைச் சொல்லவே இல்லை. திருத்தினேன்.

கண்ணை மூடியபோது தலைவலி இல்லை. நான் பிடித்த விசை எதுவும் தப்பவில்லை. ஒரு இடத்தில் நான் தடுமாறியபோது, இடது பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அதைத்தான் சுவரோரம் வைத்திருந்தேனே. கண்ணைத் திறக்கவில்லை. ஏறி முடியட்டும் என்று இருந்தேன்.

நாற்காலியை யார் திரும்பக் கொண்டுவந்து போட்டது என்று யாரிடமும் கேட்கவில்லை.

மே 22

மேடம் வந்தார். வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தார். சார் "யாரு?" என்றார். நான் முதல் முறையாக, "சேர்மதுரை வந்திருக்கேன். ஹெப்சிபா மேடமும் வந்திருக்காங்க" என்றேன். சாரின் முகம் என் பக்கம் திரும்பியது.

மேடம் தன் கையாலேயே ஒரு மெஷினில் தட்டைப் போட்டார்.

"நான் எஸ்தர் வந்திருக்கேன்."

மேடத்துக்குப் பிடித்திருந்தது. "ஏய், ரொம்ப நல்லாயிருக்கே" என்றார். கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படியாகப் போனார். ஏறி முடிந்தது. சார் உட்கார்ந்திருந்தார், சீப்பைக் கையில் பிடித்தபடி. பல் உடைந்துவிடும்போல அழுத்திப் பிடித்திருந்தார்.

"இப்போ ஷட் டவுன். அதுதானே பிரச்சினைன்னு எழுதியிருந்தே?"

அழுத்தினார்.

மூச்சு. பேச வாயெடுத்த மூச்சு. அப்புறம் அணைந்தது.

"அணையுது, சரி. ஆனா ஒண்ணுமே சொல்லாம அணையுதே? பிள்ளைங்களுக்கு அணைஞ்சது எப்படித் தெரியும்? இது குறைதான், சேர்மதுரை."

சார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் இதுவரை இந்த மூச்சைப் பற்றிச் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது? அளவு பூஜ்யம் உள்ள கோப்பு மூச்சு விடுகிறது என்றா?

"சொல்ல வந்தா" என்றார் சார் மெதுவாக. "வாயெடுத்தா. சொல்லல. நீங்க கேக்கலியா மேடம்?"

மேடம் என்னைப் பார்த்தார். பார்த்திருப்பார். "என்ன சொல்றாரு? எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒனக்குக் கேட்டுதா?"

நான் இன்ஜினியர். கோப்பைத் திறந்து காட்டலாம். பூஜ்யம். போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டலாம். விசிறி. சாரின் சீப்பு கிறீச்சென்றது.

"கேட்டுது மேடம். மூச்சு விடுற சத்தம். அதைக் கேட்டா அணையுதுன்னு அர்த்தம். பிள்ளைங்களுக்கு நல்லாவே கேக்கும்."

மேடம் இன்னொரு தடவை ஏற்றி அணைத்துப் பார்த்தார். காதை ஸ்பீக்கரில் வைத்துக்கூடப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் கேக்குதுன்னா சரி. பயன்படுத்துறவங்க நீங்கதானே" என்றார்.

நீங்க என்றார். திருத்தலாம் என்று நினைத்தேன். திருத்தவில்லை.

மேடம் போன பிறகு சார் இடது பக்க நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு சொன்னார், "இது போதும்ல. அவ சொல்லல."

மே 23

மேடத்தின் கார் நேற்றே போய்விட்டது. நான் பஸ். தட்டுகளை எழுதி அடுக்கிக் கொடுத்தேன். மேலே பிரெய்ல் ஒட்டினார் சார். ஒரு தட்டு எனக்கு. "ஆபீஸ்ல சோதிச்சுப் பாக்க" என்றேன். "ஆமா, சோதிச்சுப் பாரு" என்றார். முப்புடாதி அக்கா முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, விலக்கு வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வெயிலில் கண் கூசும் என்பதால் நான் தடுக்கவில்லை.

கிளம்பும்போது சார் லேபில் இருந்தார், முதுகு காட்டியபடி, ஹெட்ஃபோன் மாட்டியபடி. வாசலில் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். மூச்சு இழுத்த சத்தம் எனக்கே கேட்டது.

சொல்லவில்லை. நடந்துவிட்டேன்.

மாலை, பஸ்ஸில்

அம்மாவுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "மாமாவையும் கூட்டிட்டு வா. கண்ணு போனப்போ எப்படி இருந்துச்சுன்னு அவருகிட்ட கேக்கணும்" என்றேன்.

ராஜபாளையம் தாண்டும்போது சார் கூப்பிட்டார்.

"ஏல, சொல்லாமப் போயிட்டியே."

"ஆமா சார்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரி" என்றார். "ஒனக்கும் ஒரு நாற்காலி கெடக்கட்டும். வலது பக்கம்."

வெளியே இருட்டிவிட்டது. எனக்கு எப்போது இருட்டுகிறதோ அப்போது இருட்டிவிட்டது என்று எழுதுகிறேன். பஸ்ஸில் லைட் போட்டிருப்பார்கள். காலையில் என் லேப்டாப்பிலும் இந்தத் தட்டைத்தான் ஏற்றினேன். இதைத் திரையில் பார்த்து எழுதவில்லை. நான் அடிக்க அடிக்க டீச்சர் படித்துக்காட்டுகிறார். காதில் ஹெட்ஃபோன். தப்பாக அடித்தால் அந்த இடத்தில் குரல் தடுக்குகிறது, திருத்துகிறேன். கெட்ட வார்த்தைகளையும் கூச்சமில்லாமல் படிக்கிறார்.

பேட்டரி தீரப்போகிறது என்கிறார். அணைக்க வேண்டும். மூச்சு வரும். ஹெட்ஃபோனில் வருகிறதா, பக்கத்திலிருந்து வருகிறதா என்று பார்ப்பதற்காக இப்போது அதைக் கழற்றிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. நான் பார்த்த வரைக்கும்.